இளம் தாடையில் நீர்க்கட்டி: கத்திக்கு முன் நுண்ணோக்கி

பல்வரிசையைச் சீராக்கக் கிளிப் போட வரும் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். கருவி தலையை ஒரு சுற்று வந்து நிற்பதற்குள், ஒரு காதோரம் தொடங்கி மறு காதோரம் வரை இரண்டு தாடைகளும் அத்தனை பற்களும் ஒரே படத்தில் விரிந்துவிடும். தாடை நீர்க்கட்டிகளில் கணிசமானவை கண்ணில் படுவது இப்படி வேறு எதற்கோ எடுத்த படத்தில்தான். வலி இருக்காது, வெளியே வீக்கமும் தெரியாது. கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கருமை படர்ந்திருக்கும். பார்த்ததும் பெற்றோர் கேட்பது இரண்டே கேள்வி: புற்றுநோயா? ஆபரேஷன் எப்போது? இரண்டும் நியாயமானவைதான். ஆனால் அவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது: இது இன்ன கட்டி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? படத்தை வைத்து என்று பதில் வந்தால், அந்தப் பதில் போதாது. இளம் தாடையில் கருமையாகத் தெரியும் பள்ளத்துக்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று லேசாகச் சுரண்டினாலே ஆறிவிடும்; இன்னொன்று அரைகுறையாக எடுத்தால் பத்தாண்டு கழித்தும் திரும்பி வரும். கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எந்த இனத்தது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும். அந்த இனத்தை உறுதியாகச் சொல்லக்கூடியது திசுப் பரிசோதனைதான்.

உடலின் வேறெந்த எலும்பையும்விடத் தாடையில்தான் நீர்க்கட்டிகள் அதிகம். காரணம் பல். கரு வளரும் காலத்தில் வாயின் உள்தோலிலிருந்து சில செல்கள் தாடைக்குள் இறங்கி, பற்கள் உருவாக அச்சாக நிற்கின்றன. வேலை முடிந்ததும் அவை முழுதாக மறைந்துவிடுவதில்லை. ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் வேர்களைச் சுற்றியும் சின்னச் சின்னக் கொத்துகளாக ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகின்றன. எலும்புக்குள் தோல்செல்கள் இப்படிச் சிக்கிக்கிடப்பது தாடைக்கே உரிய நிலைமை. ஏதோ ஒரு தூண்டுதலில் அவை பெருகத் தொடங்கினால் நடுவில் திரவம் சேர்ந்து கட்டியாகிறது. சொத்தை முற்றி உயிர் போன பல்லின் வேர்நுனியில் வருவதுதான் எல்லா வயதிலும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் பிடிப்பது. அதற்கு அடுத்தது, முளைக்காமல் புதைந்துகிடக்கும் பல்லின் தலையைச் சுற்றி உருவாவது. கீழ்த்தாடை ஞானப்பல்லும் மேல்தாடைக் கோரைப்பல்லும் இதற்குப் பேர்போனவை. முளைக்கக் காத்திருக்கும் எந்தப் பல்லைச் சுற்றியும் மூன்று நான்கு மில்லிமீட்டர் கருவளையம் இருப்பது இயல்பு. ஐந்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். இவ்விரண்டும் அரியவை அல்ல. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அரிய கட்டிகள் இவற்றின் வேடத்திலேயே வருகின்றன.

புதைந்த ஞானப்பல்லைச் சுற்றி விளிம்பு தெளிவான கரிய வட்டம் ஒன்று பதினாறு வயதுப் பெண்ணின் படத்தில் தெரிவதாக வைத்துக்கொள்வோம். பல்லைச் சுற்றி வரும் சாதாரண நீர்க்கட்டியாக அது இருக்கலாம். எடுத்தாலும் திரும்பி வரக்கூடிய கெரட்டோசிஸ்டாக இருக்கலாம். ஒற்றை அறை கொண்ட அமீலோபிளாஸ்டோமாவாகவும் இருக்கலாம். மூன்றாவது கட்டி எலும்பை அரித்துப் பரவும் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் இளம் வயதில் அச்சுஅசலாக நீர்க்கட்டியைப் போலவே தோற்றமளிக்கும். ராபின்சன், மார்ட்டினெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் இதைத் தனி வகையாக விவரித்ததே அந்தக் குழப்பத்தால்தான். எக்ஸ்ரே பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, பக்கத்துப் பல்லின் வேர் கரைந்திருக்கிறதா என்பதையெல்லாம் அதுவும் முப்பரிமாண கோன்பீம் சி.டி.யும் நன்றாகவே சொல்லும். சுவரின் தன்மையை மட்டும் அவற்றால் சொல்ல முடியாது. இந்தக் கட்டிகளில் விவகாரம் முழுக்க அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

நல்ல மருத்துவர் கத்தியை எடுக்குமுன் செய்யும் காரியங்கள் பார்வைக்கு அற்பமாகத் தெரியும். முதலில் கட்டியை ஒட்டியுள்ள பற்களில் குளிர் வைத்துப் பார்ப்பார். பல் சில்லென்று உணர்ந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. கட்டி சொத்தையால் வந்ததல்ல. அதன்பின் ஈறை மரக்கச் செய்து தடித்த ஊசி ஒன்றைக் கட்டிக்குள் செலுத்தி இழுப்பார். சிரிஞ்சில் வருவது வைக்கோல் நிறத் திரவமாக, வெளிச்சத்தில் பிடித்தால் கொழுப்புப் படிகங்கள் மினுமினுப்பதாக இருந்தால் சாதாரண நீர்க்கட்டி என்று ஊகிக்கலாம். ஊசியில் ஏறவே மறுக்கும் வெண்மையான கெட்டிப் பொருள் வந்தால் அது கெரட்டின், அதாவது தோல் உரிந்து சேர்ந்தது. புரதத்தை அளந்தால் இந்தத் திரவத்தில் நூறு மில்லிக்கு நான்கு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும் என்பது பழைய சோதனைகளில் தெரிந்த விஷயம். எதுவுமே வராமல் காற்று மட்டும் வந்தால் வெற்றுக்குழி. சிவப்பாக ரத்தம் தானாகவே சிரிஞ்சை நிரப்பினால் மருத்துவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். அது எலும்புக்குள் இருக்கும் ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். அதன்மேல் இருக்கும் பல்லைப் பிடுங்கினால் பீறிடும் ரத்தத்தைக் கட்டுப்படுத்தவே முடியாமல் போன சம்பவங்கள் மருத்துவ வரலாற்றில் உண்டு. இரண்டு நிமிட வேலையான இந்த ஊசியைத் தவிர்ப்பதற்கு எந்தச் சாக்கும் எடுபடாது. இவ்வளவும் ஆன பிறகுதான் சுவரின் ஒரு துண்டு பயாப்ஸிக்குப் போகும்.

இனம் தெரிந்தால் சிகிச்சை பெரிதாகும் என்ற பயம் பெற்றோரிடம் உண்டு. பல சமயம் நடப்பது தலைகீழ். இருபது வயதுக்குட்பட்டவர்களின் கீழ்த்தாடையில் வரும் வெற்று எலும்புக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உள்தோல் சுவரே கிடையாது. படத்தில் பற்களின் வேர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து மேலேறியிருக்கும். பற்களோ உயிரோடு இருக்கும். குளிர் வைத்துப் பார்க்காத அவசரத்தில் சொத்தையே இல்லாத மூன்று நான்கு பற்களுக்கு ரூட் கேனால் செய்துவிட்டு, கட்டி ஏன் குறையவில்லை என்று யோசிப்பது இந்த நோயில் நடக்கக்கூடிய தவறு. திறந்து குழியைச் சுற்றியுள்ள எலும்பை லேசாகச் சுரண்டி ரத்தம் கசியவிட்டுத் தைத்துவிட்டால், உறைந்த ரத்தம் சில மாதங்களில் எலும்பாக மாறிவிடும். ஆறேழு வயதுக் குழந்தைகளின் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கத்தில் வரும் கட்டி இன்னொரு உதாரணம். ஸ்டோன்மேன், வொர்த் என்ற இருவர் 1983இல் இதைத் தெளிவாக வரையறுத்தார்கள். பல் பாதி முளைத்த நிலையில் கன்னம் வீங்கும், சீழ்கூட வரும். பல்லின் வேர்கள் நாக்குப் பக்கம் சாய்ந்திருப்பது படத்தில் தெரியும். இனம் தெரியாதவர் அந்தப் பல்லையே பிடுங்கிவிடுவார். ஆயுள் முழுக்க உணவை மெல்ல வேண்டிய முதன்மைப் பல் ஏழு வயதிலேயே போய்விடும். கட்டியை மட்டும் சுரண்டியெடுத்தால் பல் தன் இடத்தில் நிமிர்ந்து வளர்கிறது என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட உண்மை.

எதிர்த்திசையில் இழுப்பது கெரட்டோசிஸ்ட். டென்மார்க்கைச் சேர்ந்த பிலிப்சன் 1956இல் இதைத் தனித்துக் காட்டினார். பதின்வயது தொடங்கி நாற்பது வரை அதிகம் வருவது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்கோடியில். மற்றக் கட்டிகள் எலும்பை வெளியே தள்ளிக் கன்னத்தை வீங்கவைக்கும். இது அப்படிச் செய்யாமல் எலும்பின் உள்மச்சையூடாக முன்னும் பின்னுமாக நீண்டு போகும். அதனால் பாதித் தாடையை ஆக்கிரமித்த பிறகும் முகத்தில் ஒன்றும் தெரியாது. நுண்ணோக்கியில் அதன் சுவர் ஆறு முதல் எட்டுச் செல்கள் கனமே உள்ளது. அடி அடுக்குச் செல்கள் வேலிக்கால்களாக வரிசை பிசகாமல் நிற்கும். வெங்காயத்தின் உள்சவ்வைப் போன்ற அந்தச் சுவரை முழுசாக உரித்தெடுப்பது அனுபவமுள்ள கைகளுக்கே கடினம். கிழிந்து ஒரு துணுக்கு எலும்போடு ஒட்டிக்கொண்டால் போதும், மறுபடி கட்டி வரும். போதாததற்கு, சுவருக்கு வெளியே சேய்க்கட்டிகளும் இருக்கக்கூடும். வெறுமனே சுரண்டியெடுத்த கெரட்டோசிஸ்ட்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று திரும்பி வருவதாகப் பல தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. அதே குழியில் கார்னாய் கரைசலை மூன்று நிமிடம் வைத்து எடுத்தால் இது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்குகிறது. ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு கலந்த இந்தக் கரைசல் எலும்புக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஊடுருவி ஒட்டியிருக்கும் செல்களைக் கொல்கிறது. குளோரோஃபார்ம் நச்சுத்தன்மை உடையது என்பதால் அதை நீக்கிய கலவையும், புற்றுநோய் மருந்தான 5-ஃப்ளூரோயூராசில் களிம்பும் இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது. இவ்வளவு அடம்பிடிக்கும் கட்டி என்றால், தாடையின் அந்தப் பகுதியையே வெட்டியெடுத்து ஒரேயடியாக முடித்துவிட்டால் என்ன? வெட்டியெடுத்தால் மீண்டும் வருவது அரிதிலும் அரிது என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனமே 2005இல் இதை நீர்க்கட்டிப் பட்டியலிலிருந்து எடுத்து, புற்றல்லாத கட்டிகளோடு சேர்த்தபோது இந்த வாதத்துக்குப் பலம் கூடியது. ஆனால் போதுமான ஆதாரம் இல்லை என்று 2017இல் அதே நிறுவனம் மறுபடி நீர்க்கட்டிப் பட்டியலுக்கே அதைத் திருப்பிக்கொண்டுவந்தது. பட்டியல் எதுவாக இருந்தாலும், பதினான்கு வயதுத் தாடை நாற்பது வயதுத் தாடை அல்ல. அது இன்னும் வளர்கிறது. அதற்குள் வெளிவராத பற்கள் காத்திருக்கின்றன. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு பக்கத் தாடையை வெட்டி இடுப்பிலிருந்தோ காலிலிருந்தோ எலும்பு எடுத்துப் பொருத்தினால், மறுபக்கம் வளரும் வேகத்துக்கு இது ஈடுகொடுக்கும் என்று சொல்ல முடியாது. முகம் ஒரு பக்கமாகச் சாயக்கூடும். உயிருக்கு உலை வைக்காத, உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாத ஒரு கட்டிக்கு இந்த விலை அதிகம். திரும்பத் திரும்ப வந்து எலும்பைத் துளைத்துத் தசைக்குள் போய்விட்ட கட்டிகளுக்கு வெட்டுவதே சரி. முதல் முறையே அதைச் செய்வதற்கு இளம் வயதில் காரணம் தேட வேண்டும்.

மாற்றாக இருப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு எளிய யோசனை. ஜெர்மானியப் பல் அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892இல் முன்வைத்தது. கட்டியை எடுக்காமல், அதன் வாய்ப்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டி, கட்டியின் உள்தோலை ஈறோடு சேர்த்துத் தைத்துவிடுவது. உள்ளே அழுத்தம் இறங்கியதும் சுற்றியிருக்கும் எலும்பு நாலாபுறமிருந்தும் வளர்ந்து குழியைச் சுருக்குகிறது. துளை மூடிக்கொள்ளாதிருக்க முதலில் மருந்து நனைத்த நாடாத்துணி, பிறகு அக்ரிலிக் அடைப்பு. தினமும் சாப்பிட்டபின் அடைப்பைக் கழற்றி, முனை வளைந்த சிரிஞ்சில் உப்புநீர் நிரப்பிப் பீய்ச்சிக் கழுவுவது வீட்டில் செய்ய வேண்டிய வேலை. ஆறு மாதம், ஒரு வருடம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். பல்லைச் சுற்றி வந்த சாதாரணக் கட்டியில், வேர் முற்றாத நிலையில் புதைந்துகிடந்த பல் இந்த ஜன்னல் வழியாகத் தானே ஏறி வந்து வரிசையில் நிற்பதும் உண்டு. கெரட்டோசிஸ்டில் இது முதல் கட்டம். நரம்பிலிருந்து விலகும்படி கட்டி சுருங்கியபின் மிச்சத்தைச் சுரண்டியெடுப்பது இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டத்தையே தவிர்த்துவிடலாமா என்ற கேள்விக்கு ஒரு படிப்பினையான பதில் உண்டு. கலிஃபோர்னியாவின் அறுவை மருத்துவர் ஆன்டனி போக்ரெல் 2004இல், ஜன்னல் முறை ஒன்றாலேயே கெரட்டோசிஸ்ட்கள் முற்றிலும் மறைந்தன என்று எழுதினார். சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அவற்றில் சில திரும்பி வந்தன. 2007இல் அதே இதழில், முன்பு சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதாக அவரே அறிவித்தார். மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட நேர்மை அடிக்கடி பார்க்கக் கிடைப்பதல்ல.

அடுத்த ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. பயாப்ஸிக்குச் செலவு, காத்திருப்பு, குழந்தைக்கு இன்னொரு ஊசி; எப்படியும் எடுக்கப்போகும் கட்டியை எடுத்தபின் பரிசோதித்தால் ஆகாதா? பெரியவரின் சின்னக் கட்டிக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும், அப்போதும் எடுத்ததைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிள்ளைகளின் பெரிய கட்டிக்குப் பொருந்தாது, ஏனென்றால் எடுக்கும் முறையே இனத்தைப் பொறுத்து மாறுகிறது. செலவு என்று பார்த்தால், கிளிப்புக்கு ஆகும் தொகையில் திசுப் பரிசோதனைக் கட்டணம் ஒரு சிறு பங்குதான். பல் மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் வாய்நோய்க்குறியியல் துறை இருக்கிறது. வெளியே கிளினிக்கில் எடுத்த துண்டையும் அங்கே அனுப்பலாம். இன்னும் நுட்பமான மறுப்பு ஒன்றுண்டு: துண்டு மட்டும் எடுத்தால் தவறான இடத்திலிருந்து எடுக்க வாய்ப்பிருக்கிறது, சீழ் பிடித்த கெரட்டோசிஸ்ட் தன் அடையாளத்தையே இழந்துவிடும். இது முழுக்க சரி. அமீலோபிளாஸ்டோமா சுவருக்குள் ஓரிடத்தில் மட்டும் ஊடுருவியிருந்து, மற்ற இடத்தில் அப்பாவியாகத் தெரிவதும் உண்டு. அதனால்தான் முதல் துண்டோடு நிறுத்தாமல், பிறகு எடுக்கும் முழுச் சுவரையும் அனுப்பச் சொல்கிறார்கள்.

எக்ஸ்ரே கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஓ.பி.ஜி. சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவர்ட் வரை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நம்மீது விழுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400. ஆக, ஒரு படம் இரண்டு முதல் நான்கு நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். வேண்டாத படம் எடுக்கக் கூடாது. வேண்டிய படத்தைத் தவிர்க்கவும் கூடாது. கெரட்டோசிஸ்டுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வருடம் ஒரு படம், பிறகு இரண்டாண்டுக்கு ஒன்று என்பதுதான் வழக்கமான கண்காணிப்பு. இங்கேதான் சிறு அறுவைக்கு எதிரான உண்மையான வாதம் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்: வலி இல்லாத பிள்ளையை யார் ஐந்து வருடம் கூட்டிக்கொண்டு வருவார்கள்? ஊர் மாறும், கல்லூரி மாறும், பழைய படம் தொலையும். இதற்குப் பெரிய அறுவை பதிலாகாது. டிஸ்சார்ஜின்போதே எக்ஸ்ரேயின் நகலையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் குடும்பத்தின் கையில் கொடுத்து, அடுத்த தேதியையும் எழுதிக் கொடுத்துவிடுவது கடினமான காரியமில்லை.

கெரட்டோசிஸ்ட் என்று அறிக்கை வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அதிலும் கட்டிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால்: இது ஒரு மரபணு நோயின் அடையாளமா? ராபர்ட் கார்லின் பல் மருத்துவம் படித்தவர்; ராபர்ட் கோல்ட்ஸ் தோல் மருத்துவர். தாடைக் கட்டிகள், தோலில் கூட்டமாக வரும் ஒருவகைப் புற்று, நுனி பிளந்த விலா எலும்பு ஆகியவை ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை இருவரும் 1960இல் ஒரே நோயாக விவரித்தார்கள். கருவில் உறுப்புகளின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு மரபணு பழுதடைவதே காரணம் என்று 1996இல் தெரியவந்தது. அந்த மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டது பழ ஈயில். வெள்ளைத் தோல் உடையவர்களிடம் தோல் புற்று இந்த நோயை முன்கூட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்; கருமை கூடிய தோலில் அது குறைவாகவே வருகிறது. நம் பிள்ளைகளிடம் முதல் தடயம் தாடையில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே பதின்வயதில் கெரட்டோசிஸ்ட் கண்ட மருத்துவர் வாயோடு நிற்காமல் உள்ளங்கையையும் பார்க்க வேண்டும், அதில் குண்டூசி முனையளவுச் சிறு பள்ளங்கள் இருக்கலாம். மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பையும் பார்க்க வேண்டும். இந்த மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளில் ஒரு சிறு பங்கினருக்கு முதல் இரண்டு மூன்று வயதில் மூளைக்கட்டி வருகிறது. அதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால், கதிர் பட்ட தோலில் பிற்காலத்தில் புற்றுகள் கொத்தாக முளைக்கும். நோயின் பெயரை முன்பே அறிந்திருப்பது அந்த முடிவையே மாற்றிவிடும். பழுதான மரபணுப் பாதையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2012இல் முற்றிய தோல் புற்றுக்காக அனுமதி அளித்தது. அதைச் சாப்பிட்டவர்களின் தாடைக் கட்டிகள் சுருங்கியதாகவும் அறிக்கைகள் வந்தன. ஆனால் வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டுகளை அது காலத்துக்கு முன்பே மூடிவிடுவதால் அவர்களுக்குக் கொடுப்பதற்கில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. அப்படி வந்த பிள்ளைகளுக்கு எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை தாடை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அண்ணனின் கட்டிக்காக வந்த வீட்டில், வலியே இல்லாத தங்கையையும் அதே நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்வது இதனால்தான்.